கட்சியா, ஊர்ப் போராட்டமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக ஊர் திரண்டு, ஏலமும் ரத்தாகிவிட்டது. ஆனால் பேச்சு ஓயவில்லை. கல்யாணப் பந்தியில், நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க் கரையில், பேருந்தில் பக்கத்து இருக்கையில் என்று போகிற இடமெல்லாம் அதே பத்துப் பதினைந்து கேள்விகளைக் கேட்கிறார்கள். கேட்பவர்களில் எல்லாக் கட்சிக்காரர்களும் உண்டு, எதிலும் சேராதவர்களும் உண்டு. தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவரவர் வாயில் வந்தபடியே இருக்கின்றன. நான் எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. ஆனால் எந்தத் தேர்தலிலும் ஓட்டுப் போடாமல் இருந்ததில்லை.

கட்சியும் அரசியல், போராட்டமும் அரசியல். அப்புறம் ரெண்டுக்கும் என்னதான் வித்தியாசம்?

இரண்டும் அரசியல்தான். "எங்களுக்கு அரசியலே வேண்டாம்" என்று போராட்டப் பந்தலில் யாராவது மைக்கில் சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும். நிலம் யாருக்கு, தண்ணீர் யாருக்கு என்று கேட்பதைவிடப் பெரிய அரசியல் ஏது?

கட்சி ஆட்சிக்கு வர விரும்புகிறது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்துகொள்கிறது. பால் விலை முதல் பள்ளிக்கூடம் வரை எல்லாவற்றுக்கும் ஒரு நிலைப்பாடு வைத்திருந்தாக வேண்டும். ஊர்ப் போராட்டத்துக்கு அந்தப் பாரம் கிடையாது. ஒரு கோரிக்கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மற்ற எல்லா விஷயத்திலும் முட்டிக்கொள்கிற இரண்டு பேர் அந்த ஒன்றுக்காக ஒரே பாயில் உட்கார முடிவது இதனால்தான்.

டங்ஸ்டன் விவகாரத்துல என்னதான்ணே நடந்துச்சு? ஆளாளுக்கு ஒரு கதை சொல்றாய்ங்க.

தேதி வாரியாகச் சொல்கிறேன். 2023இல் கனிமச் சட்டம் திருத்தப்பட்டது. முக்கியக் கனிமங்கள் என்று பட்டியலிட்ட 24 கனிமங்களின் ஏலத்தை ஒன்றிய அரசே நடத்தும் என்று ஆனது. 2024 நவம்பர் 7 அன்று நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதிக்கு ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானதாக அறிவிப்பு வந்தது. பரப்பு 2,015 ஹெக்டேர், கிட்டத்தட்ட 5,000 ஏக்கர். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022இல் அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியும் அதற்குள் வந்தது. தமிழி எழுத்துக் கல்வெட்டும், பாண்டியர் குடைவரைக் கோயிலும், மலையைச் சுற்றிக் கண்மாய்களும் சுனைகளும் உள்ள ஊர் அது.

கிராம சபைகளில் எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9 அன்று சட்டப்பேரவையும் ஏலத்தை ரத்து செய்யச் சொல்லித் தீர்மானம் நிறைவேற்றியது. பல்லுயிர்த் தலத்தை மட்டும் விட்டுவிட்டு எல்லையை மறு ஆய்வு செய்யலாம் என்று டிசம்பர் கடைசியில் ஒன்றிய அரசு சொன்னது. அதை ஊர்கள் ஏற்கவில்லை. 2025 ஜனவரி 7 அன்று ஆயிரக்கணக்கானோர் மதுரை தல்லாகுளம் வரை நடந்தே போனார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது.

அப்ப ஜெயிச்சது யாரு? தலைவர் சட்டசபையில பேசுனதாலன்னு ஒருத்தன் சொல்றான், டெல்லிக்கு எங்காளு கூட்டிட்டுப் போனதாலன்னு இன்னொருத்தன் சொல்றான்.

இரண்டும் நடந்தது. இரண்டும் வேலைக்கு ஆனது. பேரவைத் தீர்மானம் இல்லாவிட்டால் மாநில அரசின் எதிர்ப்பு எழுத்தில் பதிவாகியிருக்காது. ஊர்ப் பிரதிநிதிகள் டெல்லிக்குப் போய் அமைச்சரைப் பார்க்காமல் இருந்திருந்தால் ரத்து இன்னும் இழுத்திருக்கலாம். யார் முன்பே எதிர்க்கத் தவறினார்கள், 2023 சட்டத் திருத்தத்தை நாடாளுமன்றத்தில் யார் ஆதரித்துப் பேசினார்கள் என்று கட்சிகள் ஒன்றையொன்று கேட்ட கேள்விகளும் நியாயமான கேள்விகள்தான்.

என் கணக்கு வேறு. நவம்பர் 7 அன்று எந்தக் கட்சியும் தெருவுக்கு வரவில்லை. ஊர் தெருவுக்கு வந்த பிறகு எல்லாக் கட்சியும் வந்தது. நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லுவோம், மாலையும் போடுவோம். யாரால் முடிந்தது என்று நம் பிள்ளைகள் கேட்டால் மட்டும் அந்த வரிசையைச் சரியாகச் சொல்ல வேண்டும்.

நான் கட்சிக்காரன்தான். கரைவேட்டியோட பந்தலுக்கு வரலாமா?

வாருங்கள். கட்சிக்காரர் என்பதால் உங்கள் கிணற்றில் மட்டும் தண்ணீர் வற்றாமலா இருக்கும்? கொடியும் தோளில் போடும் துண்டும் மட்டும் வீட்டில் இருக்கட்டும் என்று எங்கள் பந்தலில் கேட்டுக்கொள்வோம். ஒரு கொடி நட்டால் மறுநாள் காலை அடுத்த கொடி வரும். மூன்றாம் நாள் யார் கொடி உயரம் என்ற சண்டை வரும். நான்காம் நாள் பெண்கள் வருவது நிற்கும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடியவர்கள் கட்சித் தலைவர்களை உள்ளே விடாததற்கும் இதே காரணம்தான். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் கட்சி அட்டை வைத்திருந்தவர்கள் ஏராளம். அட்டையைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருந்தார்கள்.

மேடையில ஏத்தாம அவமானப்படுத்துனா, நாளைக்கு எந்த முகத்தோட அவங்ககிட்டப் போயி நிப்பீங்க?

மேடை தராதது அவமானம் என்று ஆகிவிட்டதே தவறான பழக்கம். டெல்லி எல்லையில் 2020 நவம்பர் முதல் ஒரு வருடத்துக்கு மேல் உட்கார்ந்த விவசாயிகள் தங்கள் பொது மேடையைக் கட்சித் தலைவர்களுக்குத் தரவில்லை. ஆனால் எல்லாக் கட்சியின் ஆதரவையும் கேட்டார்கள். 2021 நவம்பர் 19 அன்று மூன்று வேளாண் சட்டங்களும் திரும்பப் பெறப்படும் என்ற அறிவிப்பு வந்தது.

நாங்கள் செய்வது இது: ஒரே கடிதத்தை, ஒரு சொல்கூட மாற்றாமல், எல்லாக் கட்சியின் ஒன்றிய அலுவலகத்துக்கும் கொடுப்போம். கையொப்பமிட்ட நகலை வாங்கிக்கொள்வோம். பந்தலுக்கு வருகிற தலைவருக்கு நாற்காலியும் மோரும் உண்டு. அவர் கீழே உட்கார்ந்து ஊரார் பேசுவதைக் கேட்கட்டும். "உங்கள் கட்சியின் பதில் என்ன?" என்று கேட்கும்போது எழுந்து பதில் சொல்லட்டும். அப்படி வந்து உட்கார்ந்தவர்கள் மேல் எங்கள் ஊரில் மரியாதை கூடித்தான் இருக்கிறது.

எங்க எம்.எல்.ஏ. தங்கமான மனுசன். நம்ம பக்கம்தான்னு நேர்லயே சொல்றாரு. ஆனா சபையில வாயத் திறக்க மாட்டேங்கறாரே?

அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. 1985இல் அரசியல் சட்டத்தில் பத்தாவது அட்டவணை சேர்ந்தது. கட்சித் தாவல் தடைச் சட்டம் என்று நாம் சொல்வது அதுதான். கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால், கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால், பதவியே போய்விடும். விலைக்கு வாங்கப்பட்டு அணி மாறுவதைத் தடுக்க வந்த சட்டம், மனசாட்சிப்படி ஓட்டுப் போட நினைப்பவரையும் சேர்த்துக் கட்டிப்போட்டுவிட்டது.

ஆனால் கொறடா கட்டுப்படுத்துவது ஓட்டை. அவர் மாவட்ட ஆட்சியருக்குக் கடிதம் எழுதலாம், சபையில் கேள்வி கேட்கலாம், கிராம சபைக்கு வந்து உட்காரலாம். நேரில் சொன்னதை எழுத்தில் கேளுங்கள். அங்கேதான் அவர் எவ்வளவு தூரம் நம்மோடு வருவார் என்பது தெரியும்.

எலெக்‌ஷன் வரைக்கும் கூட நிப்பாய்ங்க, முடிஞ்சதும் காணாமப் போயிருவாய்ங்க. அதுக்கு என்ன செய்யிறது?

கூடங்குளத்தை மறக்க வேண்டாம். 2011இல் இடிந்தகரையில் பட்டினிப் போராட்டம் நடந்தபோது, மக்களின் அச்சம் தீரும் வரை அணு உலை வேலைகளை நிறுத்தி வைக்க வேண்டும் என்று செப்டம்பரில் மாநில அமைச்சரவை தீர்மானம் போட்டது. ஊரே நிம்மதியானது. 2012 மார்ச் 18 அன்று, அப்போது அதே திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த சங்கரன்கோவிலில் இடைத்தேர்தல். மறுநாள், மார்ச் 19, உலையைத் திறக்கலாம் என்று அதே அமைச்சரவை முடிவெடுத்தது. கடற்கரைக் கிராமங்களைக் காவல்துறை சூழ்ந்துகொண்டது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது: ஆதரவுத் தீர்மானம் வந்த அன்றே பந்தலைப் பிரிக்கக் கூடாது. அரசாணை கையில் வரட்டும். தேர்தல் தேதியை நாமும் நாள்காட்டியில் குறித்து வைத்து, அதற்கு மறுநாள் ஒரு கூட்டம் வைக்க வேண்டும்.

கிராம சபைத் தீர்மானம்னா சும்மா ஒரு காகிதம்தானே? அதைக் காட்டுனா கேட்ருவாங்களா?

அதை வைத்துத் திட்டத்தை உடனே நிறுத்திவிட முடியாது, உண்மைதான். பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் கிராம சபையில் எத்தனையோ முறை தீர்மானம் போட்டார்கள். திட்டம் நிற்கவில்லை.

இருந்தாலும் அதை விடக் கூடாது. கட்சிப் பெயர் இல்லாமல் ஊர் தன் குரலை அரசு ஆவணத்தில் பதிவு செய்ய வேறு இடம் அதிகம் கிடையாது. குடியரசு நாள், தண்ணீர் நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள், நவம்பர் 1 உள்ளாட்சி நாள் என்று தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். "ஊரில் யாரும் எதிர்க்கவில்லை" என்று யாராவது நீதிமன்றத்தில் சொன்னால் அதற்கு எதிராக நீட்ட அந்தக் காகிதம் வேண்டும். தீர்மானப் பதிவேட்டில் எழுதியதைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சொன்னது ஒன்றும் எழுதியது ஒன்றுமாக இருந்ததை நான் இரண்டு முறை பிடித்திருக்கிறேன்.

பஞ்சாயத்துத் தலைவரே கட்சிக்காரருதானே?

ஆள் கட்சிக்காரராக இருக்கலாம். ஆனால் கிராம ஊராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் தமிழ்நாட்டில் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ ரிக்‌ஷா மாதிரிச் சின்னங்கள்தான். ஒன்றியக் கவுன்சிலரிலிருந்துதான் கட்சிச் சின்னம் வருகிறது. ஊர் விவகாரத்தில் அவரைக் கட்சிக்குக் கட்டுப்பட்டவராக நடந்துகொள்ளச் சட்டம் சொல்லவில்லை. இதை அவருக்கே அடிக்கடி நினைவுபடுத்தலாம்.

இத்தனை பந்தலு, சாப்பாடு, வண்டி... காசு எங்கேருந்துப்பா வருது? வெளிநாட்டுக் காசுன்னு பேசிக்கிறாய்ங்களே?

இந்தக் கேள்விக்குக் கோபப்படக் கூடாது. கூடங்குளப் போராட்டத்தின் பின்னால் அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள் இருக்கின்றன என்று 2012 பிப்ரவரியில் பிரதமர் மன்மோகன் சிங்கே பேட்டியில் சொன்னார். மீனவக் குடும்பங்கள் தங்கள் வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்கி நடத்திய போராட்டத்தின் மேல் அந்தச் சேறு பல வருடம் ஒட்டிக்கொண்டிருந்தது.

கேட்கும் முன்பே காட்டிவிடுவதுதான் வழி. எங்களிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. யார் எத்தனை படி அரிசி, எவ்வளவு பணம், எந்தத் தேதி என்று அதில் இருக்கும். பந்தல் கால் ஒன்றில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்போம், யார் வேண்டுமானாலும் புரட்டலாம். கட்சிகளிடமும் பெரிய ஒப்பந்தக்காரர்களிடமும் பணமாக வாங்குவதில்லை. ஒரு கட்சியின் ஒன்றியச் செயலாளர் ஐம்பது பேருக்குச் சாப்பாடு போட்டபோது, அவர் வீட்டுக்காரம்மா பெயரில், ஊர்க்காரராக எழுதிக்கொண்டோம். சரியா தவறா என்று இன்னும் எங்களுக்குள் விவாதம் உண்டு. எனக்கு அது சரி என்றுதான் படுகிறது.

ஊர்ப் போராட்டம் ஊர்ப் போராட்டம்கறீங்களே, அந்த ஊருக்குள்ள எங்க தெரு இருக்கா?

ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி. பதில் சொல்ல எனக்கு அன்று வாய் வரவில்லை.

கட்சிகளைச் சாதி வைத்து ஆள் சேர்க்கிறார்கள் என்று திட்டுகிறோம். ஊர்ப் போராட்டமும் ஊர்க் கட்டுப்பாடு, அம்பலம் என்கிற ஊர்த் தலைமை, பல ஊர் சேர்ந்த நாட்டுக் கூட்டம் என்கிற வழியிலேயே பெரும்பாலும் கூடுகிறது. விரைவாகக் கூடுகிறது, ஒழுங்காக நடக்கிறது. ஆனால் அந்தக் கூட்டத்தில் தலித் தெருவிலிருந்து யாருக்கு நாற்காலி? எத்தனை பெண்கள் பேசினார்கள்? இதே மேலூர்த் தாலுகாவில்தான் மேலவளவு இருக்கிறது. ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று, தலித்துகள் அந்தப் பதவிக்கு வந்ததற்காக, வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொலைகளுக்குப் பிறகு நீதிக்காக நின்றவர்கள் பெரும்பாலும் கட்சிகளிலும் இயக்கங்களிலும் இருந்தவர்கள். ஊர் நிற்கவில்லை.

அதனால் "கட்சி கெட்டது, ஊர் நல்லது" என்று யாராவது பேசினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் குழுவில் இப்போது ஒவ்வொரு தெருவிலிருந்தும் இரண்டு பேர், அதில் ஒருவர் பெண் என்று வைத்திருக்கிறோம். கூட்டம் ஒரு முறை ஊர்ப் பொதுவிடமான மந்தையில் நடந்தால் அடுத்த முறை காலனியில் நடக்கும். இதற்காக மூன்று பெரியவர்கள் குழுவை விட்டே போய்விட்டார்கள். போகட்டும்.

டீக்கடையில பேச்சு ஆரம்பிச்சா கட்சிச் சண்டையில முடிஞ்சு, மாமன் மச்சான் உறவே போயிருது. எப்படித்தான் பேசுறது?

என் மச்சான் ஒரு கட்சியின் கிளைச் செயலாளர். இரண்டு பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. "உங்க கட்சிதான் ஊரை வித்துருச்சு" என்று நான் பலர் முன்னால் சொல்லிவிட்டேன். அது உண்மையாகவே இருந்தாலும், அதைக் கேட்டு ஒரு மனிதர் மனம் மாற வழியில்லை. முப்பது வருடம் சுவரொட்டி ஒட்டி, கேஸ் வாங்கி, பிள்ளைக்குத் தலைவர் பெயர் வைத்த மனிதர். கட்சியைத் திட்டினால் அவர் காதில் தன் வாழ்க்கையைத் திட்டுவதாகத்தான் விழும்.

இப்போது கட்சியைப் பற்றிப் பேச்சை ஆரம்பிப்பதில்லை. "உன் கிணறு எத்தனை அடி? சுரங்கம் வந்தால் என்ன ஆகும்?" என்று ஆரம்பிப்பேன். அவர் ஒரு தகவல் சொன்னால் "எந்தத் தேதி, எந்த ஆணை?" என்று கேட்பேன். அவர் திருப்பிக் கேட்டால் எனக்கும் பதில் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத இடத்தில் பத்து ரூபாய்க்குத் தகவல் உரிமை மனு போட்டுவிட்டு இரண்டு பேருமாகக் காத்திருக்கலாம். நாங்கள் அப்படி ஒரு மனு போட்டோம். மச்சானும் கையெழுத்துப் போட்டார். இந்தப் பொங்கலுக்கு வந்தார்.

இவ்வளவு கூட்டம் சேருதுல்ல, நாமளே ஒரு கட்சி ஆரம்பிச்சா என்ன?

இளைஞர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். வெட்டி ஆசை என்று தள்ளிவிட முடியாது. 1949இல் திராவிடர் கழகத்திலிருந்து தி.மு.க. பிரிந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அதன் பிறகு இரண்டும் போன பாதை இந்தக் கேள்விக்குப் பாடம். தி.மு.க. 1956 திருச்சி மாநாட்டில் தேர்தலில் நிற்க முடிவெடுத்து, 1957இல் 15 இடம், 1962இல் 50 இடம் வென்று, 1967இல் ஆட்சிக்கு வந்தது. பெரியாரின் கழகம் கடைசி வரை தேர்தலில் நிற்கவில்லை. யார் ஆட்சியில் இருந்தாலும் வெளியில் நின்று கேட்டது. இரண்டு வழியிலும் காரியம் நடந்தது.

தோற்ற கதைகளையும் சொல்ல வேண்டும். கோவை வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு மின்கட்டண உயர்வுக்கு எதிராக விவசாயிகளைத் திரட்டினார். 1972இல் கோவை நகரையே மாட்டு வண்டிகளால் நிறைத்தார். எல்லாக் கட்சி விவசாயிகளும் பச்சைத் துண்டோடு அவர் பின்னால் போனார்கள். 1982இல் அவர் கட்சி தொடங்கினார். தேர்தலில் அவரவர் பழைய சின்னத்துக்கே திரும்பிப் போனார்கள். 1984 டிசம்பரில் தேர்தல் பிரச்சாரத்துக்குப் போன இடத்தில், கோவில்பட்டியில், அவர் இறந்தார். டெல்லி விவசாயிகள் வென்ற கையோடு பஞ்சாபில் சில சங்கங்கள் சேர்ந்து 2022 சட்டமன்றத் தேர்தலில் நின்றன, ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை. இடிந்தகரைப் போராட்டத்தை நடத்திய சுப. உதயகுமார் 2014இல் கன்னியாகுமரியில் ஆம் ஆத்மி வேட்பாளராக நின்று தோற்றார். ஊழல் எதிர்ப்புப் போராட்டத்திலிருந்து 2012இல் பிறந்த அந்த ஆம் ஆத்மி, 2015இல் டெல்லியில் 70இல் 67 இடம் வென்றது. 2025இல் ஆட்சியை இழந்தது.

முதல் கேள்வியில் சொன்னதை இங்கே பொருத்திப் பாருங்கள். ஒரு கோரிக்கைக்காகக் கூடிய கூட்டம், நூறு விஷயத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்துக்குப் போனால் பிரியத்தான் செய்யும். ஆசைப்படுகிறவர் தனியாகப் போய்த் தேர்தலில் நிற்கட்டும், வாழ்த்தி அனுப்புவோம். குழுவின் பெயரையும் நோட்டையும் மட்டும் இங்கேயே வைத்துவிட்டுப் போகட்டும்.

கட்சி ஆகாமலே சட்டம் கொண்டுவந்தவங்க யாராச்சும் இருக்காங்களா?

இருக்கிறார்கள். மேலே பத்து ரூபாய் மனு என்று சொன்னேனே, அந்தச் சட்டமே அப்படி வந்ததுதான். ராஜஸ்தானில் 1990இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், பஞ்சாயத்து வேலைகளில் கூலி கொடுத்த கணக்கைக் காட்டு என்று கேட்டது. கணக்கை ஊர் நடுவில் சத்தமாகப் படித்தார்கள். செத்துப்போனவர் பெயரிலும் கூலி எழுதியிருந்தது வெளியே வந்தது. 1996இல் பியாவர் ஊரில் 40 நாள் உட்கார்ந்தார்கள். நாடு முழுவதுக்குமான தகவல் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. அருணா ராய் போன்றவர்கள் எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் அதே கேள்வியோடு போனார்கள்.

யாராச்சும் உள்ள புகுந்து கல்லெறிஞ்சுட்டா மொத்தப் பேரும் கெட்டுருமே?

2017 ஜனவரி 23, மெரினா. ஜல்லிக்கட்டுச் சட்டம் நிறைவேறிய அதே நாளில் தடியடியும் தீ வைப்பும். 2018 மே 22, தூத்துக்குடி. ஸ்டெர்லைட் போராட்டத்தின் நூறாம் நாளில் ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போனவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு, 13 பேர் இறந்தார்கள். இரண்டு இடத்திலும் "சமூக விரோதிகள் புகுந்துவிட்டார்கள்" என்ற சொல்தான் முதலில் வந்தது. தூத்துக்குடியில் காவல்துறை மேல்தான் தவறு என்று அருணா ஜெகதீசன் ஆணையம் பின்னால் சொன்னது. போன உயிர் திரும்பவில்லை.

நம் கையில் இருப்பதைச் சொல்கிறேன். பத்துப் பேருக்கு ஒருவர் பொறுப்பு, அவருக்கு அந்தப் பத்து முகமும் தெரிய வேண்டும். இருட்டும் முன் ஊர்வலம் முடிய வேண்டும். "வெற்றி" என்று அறிவிப்பு வந்தால், எப்படிக் கலைவது என்பதை முதல் நாளே பேசி வைத்திருக்க வேண்டும்.

எவனும் கேக்கலைன்னா ஓட்டே போடாம விட்ருவோமா?

ஏகனாபுரம் 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அதைச் செய்தது. அவர்கள் கோபத்தின் முன் நான் தலை வணங்குகிறேன். ஆனால் நம் ஊருக்குச் சொல்லச் சொன்னால் வேண்டாம் என்பேன். ஓட்டுப் போடாத ஊரைக் கட்சிகள் கணக்கிலிருந்து எடுத்துவிடுகின்றன. 2013 முதல் நோட்டா இருக்கிறது. அதையாவது அழுத்தினால் எண்ணிக்கையில் வரும். அதைவிட, வேட்பாளர்கள் எல்லாரையும் ஒரே நாளில் மந்தைக்குக் கூப்பிட்டு, மேலே சொன்ன அதே கடிதத்துக்குப் பதில் கேட்பது நல்லது.

ஏலம் ரத்தாயிருச்சு சரி. ஆட்சி மாறி மறுபடி வராதுன்னு என்ன நிச்சயம்?

நிச்சயம் இல்லை. ரத்தானது ஒரு ஏலம். 2023 சட்டத் திருத்தம் அப்படியே இருக்கிறது. டங்ஸ்டன் அந்த 24 கனிமப் பட்டியலில்தான் இருக்கிறது. பாறையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. எந்தக் கட்சி வந்தாலும் "நாட்டுக்கு வேண்டும்" என்ற காரணம் கையில் இருக்கும். அந்தக் காரணம் முழுப் பொய்யும் கிடையாது. அதனால் நம் பதிலும் அந்தக் கட்சி இந்தக் கட்சி என்பதாக இருக்க முடியாது. எத்தனை கண்மாய், எத்தனை கிணறு, எத்தனை குடும்பம், எந்தக் கல்வெட்டு என்று பட்டியலாக இருக்க வேண்டும்.

கிராம சபைத் தீர்மானங்களின் நகல், பேரவைத் தீர்மானம், ரத்து அறிவிப்பு, கட்சி அலுவலகங்கள் முத்திரை வைத்துக் கொடுத்த நகல்கள் எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் இருக்கின்றன. 2019இல் தேர்ந்தெடுத்த ஊராட்சி உறுப்பினர்களின் காலம் 2025 ஜனவரி 5 அன்று, போராட்டத்தின் நடுவிலேயே, முடிந்துபோனது. அதனால் பெட்டியை ஊராட்சி அலுவலகத்தில் வைக்கவில்லை. ஒரு வருடம் ஒரு தெரு என்று மாறுகிறது. இந்த வருடம் காலனியில், அந்தக் கேள்வி கேட்ட தங்கச்சி வீட்டில் இருக்கிறது. பார்க்க வேண்டியவர்கள் மாலை ஆறு மணிக்கு மேல் போகலாம்.